சனிக்கிழமை ஊன்றிய அவரை

வெஸ்ட்மின்ஸ்டர், லண்டன்
1660 ஜூன் 12

அன்புள்ள அக்கா உர்சுலாவுக்கு, தம்பி ஜெர்வாஸ் எழுதுவது.

ஆண்டவர் தயவில் எனக்குப் பசியும் எடுக்கிறது, தூக்கமும் வருகிறது. நீயும் அப்படியே இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் போதும். உன் பல் எப்படி இருக்கிறது? ஜனவரிக் கடைசியில்தான் அது உன்னைப் படுத்தும் என்றாலும், வீட்டில் கவலை என்று வந்துவிட்டால் பல் மாதம் பார்க்காது. மருந்துப் பெட்டியில் கிராம்பு வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

புது அரசரின் அறிவிப்புப்படி வந்து என்னை ஒப்புக்கொடுத்துவிட்டேன். அவருடைய தகப்பனாரை விசாரித்த நீதிமன்றத்தில் பெயர் இருந்தவர்களில் பாதிப் பேர் கப்பலேறிவிட்டார்களாம். எனக்கு ஓடத் தோன்றவில்லை. என்னைச் சிறையில் போடவில்லை, பாராளுமன்றச் சபைக் காவல் அதிகாரி வீட்டு மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு பேரிமரம் நிற்கிறது. பத்து வருஷமாக யாரும் அதில் கத்தி வைக்கவில்லை போலிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கிறது.

எங்கள் கடிதங்களை ஹாப்டே என்ற காவல்காரர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். நேற்று என்னிடம், "என்னங்கய்யா, எப்பப் பாரு கிழங்கு, எருன்னே எழுதறீங்க? படிச்சுப் படிச்சு எனக்கே மண்வெட்டி வாங்கலாம்போல இருக்கு" என்றார். ஆகையால் நீயும் பார்த்து எழுது.

துலிப் இலை மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்தச் சொல். ஆரஞ்சு மரங்கள் மூன்றுக்கும் மழைத்தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீர் ஆகாது. தோட்டக்காரன் ஜோனஸ் உயிரோடு இருந்தால் இதையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்காது.

உன் தம்பி,
ஜெர்வாஸ் டால்காட்

மெல்டன்ஹே
ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்து மனம் கொஞ்சம் அடங்கிற்று. நானும் டபிதாவும் சுகம். அவளுக்குத்தான் கால் வீக்கம், ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பல் வலிக்கவில்லை.

கிழங்கைத் தோண்டச் சொன்னாயே, தோண்டினோம். எனக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? பால் கறந்தால் வெண்ணெய் எடுப்பேன், பழம் வந்தால் பாகு காய்ச்சுவேன், அதோடு சரி. டபிதா ஒரு கூடையைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இது துலிப்பா வெங்காயமா? தெரியாம குழம்புல போட்டுட்டா ஐயா என்னைத் தோலை உரிச்சிருவாரு" என்றாள். அதனால் கூடைகளை நானே மாடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உனக்குச் சட்டை வேண்டுமா? ஆறு தைத்து வைத்திருக்கிறேன். வேறு எது வேண்டுமானாலும் எழுது. செய்து அனுப்புகிறேன்.

உன் அக்கா,
உர்சுலா

வெஸ்ட்மின்ஸ்டர்
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் டபிதாவின் காலும் நலம்பெற வேண்டும். சட்டைகள் வந்தன, கழுத்து கச்சிதம்.

எது வேண்டுமானாலும் எழுது என்றாய். ஒன்று வேண்டும்.

நீதிமன்றத்தில் பெயர் இருந்த எல்லாரையும் தண்டிக்கப் போவதில்லை என்கிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த ஜனவரியில், இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை, மரண தண்டனை வாசித்தபோது எழுந்து நின்று சம்மதம் காட்டினவர்களுக்குத்தான் தூக்கு. அன்றைய பட்டியலில் ஒரு பெயர் தண்ணீர் பட்டு அழிந்திருக்கிறது. அது என் பெயர்தான் என்று ஒருவர் சத்தியம் செய்கிறார்.

அது நானில்லை. முதல் இரண்டு நாள் உட்கார்ந்தேன், அதை மறைக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் குதிரை ஏறிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை மெல்டன்ஹேயில் இருந்தேன். நீ அந்தக் குளிர்காலம் முழுக்க டெவனில் அத்தையோடு இருந்தாய், உனக்குத் தெரிய வழியில்லை. வீட்டில் நானும் ஜோனஸும்தான். அவனும் போய்விட்டான். இன்னொருவர் என்னை அன்று பார்த்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்காக வாய் திறக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை, போய்க் கெஞ்ச எனக்கும் மனமில்லை.

ஆனால் என் தோட்டப் புத்தகம் இருக்கிறது. விதை அறை அலமாரியில், கன்றுத்தோல் அட்டை போட்டவற்றில் அந்த ஜனவரி இருக்கும் புத்தகத்தை எடுத்து நம்பகமான ஆள் மூலம் அனுப்பு. ஆகஸ்ட் 16 அன்று என் வழக்கை விசாரிக்கும் சபைக் குழு கூடுகிறது.

ஜெர்வாஸ்

மெல்டன்ஹே
ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன்.

இங்கே இரண்டு நாளாக மழை. செர்ரிப் பழத்தில் பாதியைப் பறவைகள் தின்றுவிட்டன, மீதியைப் பாகு காய்ச்சினேன். டபிதா கால் வீக்கத்துக்கு முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டியிருக்கிறாள். நடக்கும்போது சரக் சரக் என்று சத்தம் வருகிறது. பாதிரியார் உன்னை விசாரித்தார். உன் ஆரஞ்சு மரங்களுக்கு மழைத்தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

நீ எழுதின மற்ற விஷயத்தைப் பார்க்கிறேன்.

உர்சுலா

வெஸ்ட்மின்ஸ்டர்
ஜூலை 16

அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் செர்ரி இருக்கிறது, முட்டைக்கோஸ் இருக்கிறது, பாதிரியார்கூட இருக்கிறார். புத்தகம் மட்டும் இல்லை.

நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? அலமாரியைத் திற, எடு, அனுப்பு. அன்றைக்கு என்ன எழுதினேன் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் எழுதாமல் இருந்திருக்க மாட்டேன். அம்மா போன அன்றுகூட 'மழை, பேரிக்கிளை நறுக்கியது' என்று எழுதி வைத்தவன் நான். அந்தப் பக்கத்தில் நான் வீட்டில் இருந்தது இருந்தாக வேண்டும். இருந்தாக வேண்டும், அக்கா.

அடுத்த அறையில் இருந்த பெரியவரை நேற்று கோட்டைச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது தன் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அதற்கப்புறம் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜெர்வாஸ்

வெஸ்ட்மின்ஸ்டர்
ஜூலை 26

அக்காவுக்கு,

பத்து நாளாயிற்று. உனக்கு உடம்பு சரியில்லையா? சரியில்லை என்றால் டபிதாவை விட்டாவது எழுதச் சொல். ஹாப்டேகூட, "அக்காகிட்டேருந்து ஒண்ணும் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டார். படிக்க எதுவும் இல்லாமல் அவருக்கும் சலித்துவிட்டது.

புத்தகம் தொலைந்துவிட்டதா? எலி தின்றுவிட்டதா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு. தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

ஜெர்வாஸ்

மெல்டன்ஹே
ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். உன்னைக் காக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் மை தீர்ந்துபோய்ப் புதிதாகக் காய்ச்ச வேண்டியிருந்தது. விரலெல்லாம் கறுப்பாக இருப்பதைப் பார்த்து டபிதா, "இதென்னம்மா, கரிச்சட்டியில கையை விட்டீங்களா?" என்றாள். செர்ரிக் கறை என்றேன்.

புத்தகம் புறப்பட்டுவிட்டது. நீ சொன்னபடியே அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நீ வீட்டில்தான் இருந்திருக்கிறாய். தெற்குச் சுவர் ஓரமாக அவரை விதை ஊன்றியிருக்கிறாய். மண் பதமாக இருந்ததாம். இனி நீ தைரியமாக இரு.

சபை உறுப்பினர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் வழியில் யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்து, பேத்தி ஞானஸ்நானத்துக்கு ஊருக்கு வந்திருந்த சர் எவரார்ட் லான்ஸ்பியிடம் போனேன். வாசலிலேயே நின்றுகொண்டு, "அடேயப்பா! பதினெட்டு வருஷம் கழிச்சு டால்காட் வீட்டு வண்டிக்கு இந்தப் பக்கம் வழி தெரிஞ்சிருக்கே!" என்றார்.

"வழி மறக்கலைங்க. நீங்கதான் கேட்டைச் சாத்தி வச்சிருந்தீங்க."

"சாத்தாம? போர்ல உங்க தம்பி கட்சிக் குதிரைங்க என் துலிப் பாத்தியில மூணு வாரம் நின்னுச்சு, தெரியுமில்ல?"

"இப்ப அந்தப் பாத்தி எப்படி இருக்கு?"

"எதைப் போட்டாலும் பிரமாதமா வருது. அதான் இன்னும் வயித்தெரிச்சல்" என்றார். ஆனால் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். நாளைக் காலை கிளம்புகிறார்.

உர்சுலா

வெஸ்ட்மின்ஸ்டர்
ஆகஸ்ட் 3

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. புத்தகம் இங்கே வர வேண்டாம். சர் எவரார்ட் இன்னும் கிளம்பவில்லை என்றால் உடனே போய் வாங்கிவிடு. கிளம்பியிருந்தால் வேகமான குதிரையில் ஆள் விட்டு வழியிலேயே நிறுத்து. எத்தனையோ பேர் இருக்க, போயும் போயும் அவர் கையிலா கொடுத்தாய்!

ஏன் என்று இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. அந்த ஜனவரியில் டெவனில் மழையா, அக்கா? உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

ஜெர்வாஸ்

லண்டன்
ஆகஸ்ட் 6

உர்சுலா அம்மையாருக்கு, எவரார்ட் லான்ஸ்பியின் வணக்கம்.

பயணத்தில் பிடித்துக்கொண்ட முதுகைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் குறை இல்லை என்றால், இந்தக் கடிதம் கொஞ்சம் கொடுக்கும். உறுப்பினர் கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை என்பதால் பச்சையாகவே எழுதுகிறேன்.

சத்திரத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது உங்கள் தம்பியின் புத்தகத்தைப் பிரித்தேன். அடுத்தவன் தோட்டப் புத்தகம் கையில் இருக்கும்போது பிரிக்காமல் இருக்க என்னால் ஆகாது. ஜனவரி 18க்கு அப்புறம் மூன்று வாரம் ஒரு வரி இல்லை. நடுவில் ஒரே ஒரு நாள் மட்டும்: 'சனி 27. தெற்குச் சுவர் ஓரம் அவரை ஊன்றினேன். மண் பதம். வெயில் இதம்.'

அம்மையாரே, அந்த வாரம் தேம்ஸ் நதியே உறைந்து கிடந்தது. என் தோட்டத்தில் கடப்பாரை முனை மழுங்கிற்று. உங்கள் தோட்டம் என் தோட்டத்திலிருந்து மூன்று மைல். நீங்கள் அப்போது இருந்த டெவனில் மழை பெய்திருக்கும், மறுக்கவில்லை. நீங்கள் முந்தைய வருஷத்து ஜனவரியைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், முன் பக்கங்களைத் திருப்பினால் அதே வரி அங்கே இருக்கிறது. குழுவில் இருக்கிற ஒன்பது பேரில் ஆறு பேர் தோட்டம் வைத்திருப்பவர்கள். அவரை என்று வாசித்ததுமே சிரித்துவிடுவார்கள். சிரித்து முடித்துவிட்டு உங்கள் தம்பியைத் தூக்கில் போடுவார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பனியில் ஒரு நாள் காலை உங்கள் தம்பி என் வாசலுக்கு நடந்தே வந்தான். பின்னால் ஒரு பலகையைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தான். தாடியில் பனி. "கரி இருந்தா ரெண்டு மூட்டை குடு, எவரார்ட். மரம் செத்துரும்" என்றான். உள்நாட்டுப் போர் வருவதற்கு முன்னால், ஜெனோவாவிலிருந்து கப்பலில் வந்த ஆறு ஆரஞ்சுக் கன்றுகளை நாங்கள் இருவரும் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அந்த மரங்களைத்தான் சொன்னான். கரி கொடுத்தேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. எந்த மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

அவன் வந்தது அந்தச் சனிக்கிழமையா, அரசர் தலை விழுந்த முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமையா, அதுதான் எனக்கு நினைவில்லை. செவ்வாய் என்றால், சனிக்கிழமை லண்டனில் எழுந்து நின்றுவிட்டுக் குதிரையில் வந்து சேர்ந்திருக்கலாம். என் புத்தகத்தில் தேதி இருக்கும். என் அறைச் சாவி இத்துடன் இருக்கிறது. அந்த வருஷத்துப் புத்தகத்தை எடுத்து ஆள் மூலம் அனுப்புங்கள். சனி என்று இருந்தால் சனி என்று வாசிப்பேன். செவ்வாய் என்று இருந்தால் செவ்வாய் என்று வாசிப்பேன். அவனுக்காகவும் பொய் சொல்ல மாட்டேன், உங்களுக்காகவும் மாட்டேன்.

தயவுசெய்து என் புத்தகத்தில் எதையும் ஊன்றாதீர்கள்.

எவரார்ட் லான்ஸ்பி

மெல்டன்ஹே
ஆகஸ்ட் 9

சர் எவரார்டுக்கு, உர்சுலா டால்காட் வணங்கி எழுதுவது.

உங்கள் முதுகுக்கு ஆட்டுக் கொழுப்பில் காய்ச்சிய தைலம் ஒரு குப்பி வைத்திருக்கிறேன். அதோடு உங்கள் புத்தகம். அலமாரியிலிருந்து நான் எடுக்கவில்லை. பாதிரியாரைக் கூட்டிப்போய் அவர் கையால் எடுக்கச் சொன்னேன். துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்ததும் அவர்தான். முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரியுங்கள்.

முத்திரை வைப்பதற்கு முன்னால் பாதிரியார், "பிரிச்சுப் பாத்துடலாமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். செவ்வாய் என்று இருந்தால் இந்தப் புத்தகத்தை அடுப்பில் போட்டுவிடுவேன் என்று எனக்கே தெரிந்ததால் சொன்னேன். என் தம்பியின் உயிரைக் கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். குதிரை போன திசையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பச்சையாக எழுதினீர்கள், நானும் எழுதுகிறேன். அந்தப் பக்கத்தை அவன் என்னை எழுதச் சொல்லவில்லை. பக்கம் வெறுமையாக இருந்தது. 'இருந்தாக வேண்டும்' என்று அவன் எழுதினதை, நீ எழுது என்று சொல்கிறான் என்று நான்தான் எடுத்துக்கொண்டேன். ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், அவன் வீட்டில் இருந்தான் என்பதை நான் நம்பவில்லை.

டெவனில் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. அரசருக்கு மரணத் தீர்ப்புக் கொடுத்தவர்கள் என்று போட்டு, வரிசையில் அவன் பெயரும் இருந்தது. அத்தை அதைப் படித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சாகும்வரை அவன் பெயரைச் சொல்லவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவனோடு ஒரே மேசையில் எப்படி உட்காருவது என்று பயம். வருஷா வருஷம் அரசர் இறந்த அன்று என் அறையில் பட்டினி கிடந்து ஜெபிப்பேன். அதற்கு நான் சொல்லும் காரணத்தை அவன் நம்பிவிடுவான்.

என்ன வாசித்தாலும் எனக்கு உடனே எழுதுங்கள்.

உர்சுலா டால்காட்

லண்டன்
ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எவரார்டின் ஆள் கொண்டுவருகிறான், ஹாப்டே பார்க்கவில்லை. முதலில் இதைப் படித்துவிடு: உயிர் தப்பிவிட்டேன்.

நேற்று முன்தினம் குழுவில் எவரார்ட் எழுந்து நின்று தன் புத்தகத்தை வாசித்தார். 'சனி 27. நிலம் கல். காலையில் டால்காட் நடந்து வந்து கரி கேட்டான். இரண்டு மூட்டை கொடுத்தேன், மரங்களுக்காக. உள்ளே கூப்பிடவில்லை.' தலைமை தாங்கியவர், "ஏன் கூப்பிடலை?" என்று கேட்டார். "கூப்பிட்டிருந்தா என் சமையல்காரிகூட இன்னைக்கு வந்து சாட்சி சொல்லியிருப்பா. எனக்கு இந்த முதுகோட இவ்வளவு நேரம் நிக்க வேண்டியிருந்திருக்காது" என்றார் எவரார்ட். எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் இரண்டு நாள் உட்கார்ந்ததற்குத் தண்டனையாக இனிமேல் சபையோ பதவியோ எனக்குக் கிடையாது. அது நியாயம்தான். முதல் நாளே எழுந்து வந்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் எவரார்ட் என் அறைக்கு வந்திருந்தார். உன் பக்கத்தை என் முன்னால் வைத்து, "என்னப்பா, அந்தப் பனியில அவரை ஊன்றினியாமே? பீரங்கி வச்சுக் குழி போட்டியா?" என்றார்.

"நான் ஊன்றலை."

"தெரியுது. உனக்குக் கையெழுத்து இவ்வளவு லட்சணமா வராது. அப்ப உங்க அக்கா உன்னை நம்பலை."

"ஆமா."

"நம்பாமலே இவ்வளவு பண்ணியிருக்காங்கய்யா" என்றார். பிறகு அந்தப் பக்கத்தைப் பேனாக்கத்தியால் அறுத்து மெழுகுவர்த்தியில் பிடித்தார்.

ஏன் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது என்று இப்போது ஞாபகம் வருகிறது. அந்த நாட்கள் முழுக்க ஆரஞ்சுக் கொட்டகையில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரி போட்டுக்கொண்டே இருந்தேன். வேறு எதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. வீட்டுக்குள் போகவில்லை, பேனாவைத் தொடவில்லை. எவரார்டின் மரங்கள் மூன்றும் அதே வாரம் கருகிவிட்டனவாம், மிச்சம் இருந்த கரி போதவில்லையாம். பதினோரு வருஷம் கழித்து நேற்றுத்தான் சொல்கிறார். குளிருக்காக நம் மரங்களைக் கொட்டகைக்குள் வைப்பதற்கு முன்னால் அதில் ஒன்று அவர் வீட்டுக்குப் போக வேண்டும், வண்டி ஏற்பாடு செய்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். எவரார்ட் உன் கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. "பட்டினி கிடப்பாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். வருஷா வருஷம் ஜனவரி முப்பதாம் தேதி உனக்குப் பல்வலி. அன்றைக்குச் சாப்பிட வரமாட்டாய். நான் ஒவ்வொரு வருஷமும் ஒரு பொட்டலம் கிராம்பு கட்டி டபிதாவிடம் கொடுத்தனுப்புவேன். பல் எப்படி இருக்கிறது, அக்கா?

ஜெர்வாஸ்

மெல்டன்ஹே
ஆகஸ்ட் 24

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை வாங்கினதும் முதல் வரியோடு நிறுத்திவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டபிதா ஓடிவந்து, "ஐயாவுக்கு என்னம்மா? சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினாள். உயிரோடு இருக்கிறான் என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் அவள் எழுந்துபோய் ஒரு கோழியைப் பிடித்தாள், நீ இன்னும் ஒரு வாரத்துக்கு வரமாட்டாய் என்பதைக்கூட யோசிக்காமல்.

எவரார்டுக்குப் போக வேண்டிய மரத்துக்கு வண்டி சொல்லிவிட்டேன். இருப்பதிலேயே பெரியதைக் கொடுக்கலாம். மழைத்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், பார்.

நீ கேட்டதற்குப் பதில். பல்லுக்கு ஒன்றும் இல்லை, தம்பி. என்றைக்குமே ஒன்றும் இருந்ததில்லை. பதினோரு பொட்டலக் கிராம்பும் என் பெட்டியில் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன. டெவனிலிருந்து வந்த அன்றே, வண்டியை விட்டு இறங்கினதுமே, உன்னிடம் நான் கேட்டிருக்க வேண்டும்.

வந்துவிடு.

உன் அக்கா,
உர்சுலா